மிஷினை அப்புறம் பாக்கலாம்

லேப்டாப் வாங்க வருகிறவர்களிடம் நாங்கள் எல்லாரும் "எவ்வளவுல பாக்குறீங்க?" என்றுதான் ஆரம்பிப்போம். அக்கா மட்டும், கூட வந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து, "எந்த பஸ்ல காலேஜுக்குப் போவ?" என்று ஆரம்பிப்பார். பெரம்பலூரில் அந்தக் கடையில் நான் பில் போடுகிற வேலையில் இருந்த இரண்டு வருஷத்தில், இந்தக் கேள்விக்கு முழிக்காத ஒரு அப்பாவையும் பார்த்ததில்லை. லேப்டாப்புக்கும் பஸ்ஸுக்கும் என்னங்க சம்பந்தம் என்பதுபோல என் பக்கம் திரும்புவார்கள். நான் சட்டென்று கம்ப்யூட்டர் திரைக்குள் தலையை நுழைத்துக்கொள்வேன். வம்பில்லாமல் மாதம் முடிந்து சம்பளம் கைக்கு வந்தால் போதும் என்று இருந்தவன் நான்.

அப்பா ஏதாவது மாடல் பெயரைச் சொல்ல வாயெடுத்தால், "மிஷினை அப்புறம் பாக்கலாங்க. மொதல்ல புள்ளையச் சொல்லுங்க" என்று கையமர்த்திவிடுவார். என்ன படிப்பு, போக வர எவ்வளவு நேரம், வீட்டில் மேஜை உண்டா, கட்டிலா தரையா, கரண்ட் எத்தனை மணிக்குப் போகும், பையில் சாப்பாட்டு டப்பா எந்தப் பக்கம் இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். கடைசியில் பையை வாங்கித் திறந்து, உள்ளே கையை விட்டு, சாண் போட்டு அளப்பார். அதற்குப் பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார்.

அவருடைய பெயரை எழுதாமல் விடுகிறேன். கடையில் முதலாளியைத் தவிர எல்லாருக்கும் அவர் அக்காதான், நாற்பதைத் தொடுகிற வயது. குன்னத்திலிருந்து வருவார். நான் அரியலூரிலிருந்து வருவேன், ஒரே பஸ். பெயரை எழுதாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுதினால் அவரை நேரில் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அதற்கு எனக்கு இன்னும் முகமில்லை.

திருமழபாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிகிற, கேம் விளையாடுகிற பெரிய லேப்டாப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். இங்கே ஒரு காலேஜில் சேர்ந்திருந்தான், தினம் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அக்கா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்சல் எடை போடுகிற தராசில் லேப்டாப்பை வைத்தார். அவன் முகம் மலர்ந்தது. பிறகு செங்கல் கனத்துக்கு இருந்த அதன் சார்ஜரையும் எடுத்து மேலே வைத்தார்.

"சார்ஜர் எதுக்குக்கா?"

"சார்ஜர் வூட்லயே கெடக்குமா? இது ரெண்டு மணி நேரந்தான் தாங்கும். அதையும் சேத்துத்தாண்டா வெயிட்டு."

இரண்டையும் அவன் பையில் போட்டு, தண்ணீர் பாட்டிலையும் போட்டு, தோளில் மாட்டிவிட்டார். "பஸ்ஸுல உள்ள எடம் கெடைக்குமா?" என்றார். "புட்போர்டுதாங்க்கா" என்றான் அவன் பெருமையாக. கடைத் தூணைக் காட்டி, "அப்ப ஒரு கையால அதப் புடிச்சிக்கிட்டு ஒரு காலத் தூக்கிக்கிட்டு நில்லு. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். அவனும் வீராப்பாக நின்றான். அக்கா டீ குடித்து முடிப்பதற்குள் அவனே சின்னதாக இருந்த ஒன்றைக் கண்ணால் காட்டினான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. பெரியது வியாபாரமாகியிருந்தால் அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

லெப்பைக்குடிக்காட்டுக் குடும்பம் ஒன்றை மறக்க முடியாது. அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். வாங்குவது என்னவோ துபாயில் இருக்கிற மகன், வீடியோ காலில். அவன் ஏற்கெனவே அங்கிருந்து ஒரு லேப்டாப் அனுப்பி, அதில் பட்டனெல்லாம் அரபி எழுத்தாக இருந்து, கெட்டுப்போனால் இங்கே பார்க்க ஆளில்லாமல் அது பீரோவில் கிடந்தது. அதனால் இந்தத் தடவை ஊரிலேயே வாங்கட்டும், ஆனால் இருப்பதிலேயே பெரியதாக வாங்கட்டும் என்று உத்தரவு.

"என் தங்கச்சிக்குங்க. எதுலயும் குறை வச்சுடாதீங்க" என்றான் போனுக்குள்ளிருந்து.

"குறை வைக்கலைங்க தம்பி" என்று அக்கா போனைக் கண்ணாடிப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டுப் பெண்ணிடம் திரும்பினார். "எங்க உக்காந்து படிப்ப?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துவிட்டு, "கட்டில்ல. மடியில வச்சு" என்றாள்.

அண்ணன் கேட்ட பெரிய லேப்டாப்பை அக்கா ஓட விட்டு அவள் மடியில் வைத்தார். துபாய் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெண் நெளிந்தாள். துப்பட்டாவை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு, "அண்ணே, சுடுது" என்றாள். அவள் அண்ணனிடம் தனக்கு வேண்டியதைச் சொன்னதே அதுதான் முதல் தடவை என்று அம்மா பில் போடும்போது என்னிடம் சொல்லிச் சிரித்தார். பி.காமுக்குப் போதுமான, சுடாத ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். "அல்லா உங்கள நல்லா வச்சிருக்கணும்" என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா.

எல்லாம் இப்படியே முடிந்ததென்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் கல்யாணமாகி மேலே படிக்கிற ஒரு பெண்ணை மாமியார் கூட்டி வந்திருந்தார். அக்கா வழக்கம்போல, "வூட்ல எங்க உக்காந்து படிப்ப?" என்று கேட்டுவிட்டார். பெண் மாமியாரைப் பார்த்தாள். அக்கா விடாமல் இன்னொரு தரம் கேட்டார். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார், "எங்க வூட்ல எடமில்லன்னு சொல்றியா?" என்று அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு லேப்டாப் கிடைக்கவில்லை, பிறகு கிடைத்ததா என்பதும் தெரியாது. அக்கா அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. முதலாளி மட்டும் மறக்காமல் வந்து, "இனிமே ஒரு கஸ்டமர் உன்னால வெறுங்கையோட எறங்கிப் போனா, பின்னாடியே நீயும் போயிடலாம்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அதற்குப் பிறகாவது கேள்வியைக் குறைப்பார் என்று பார்த்தேன். குறைக்கவில்லை. எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகராமல் நின்றபோது, "உங்களுக்கு என்னக்கா வந்துச்சு? கேட்டதைக் குடுத்துட்டுப் போவ வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். முன்பு அரியலூரில் ஒரு கடையில் இருந்தபோது, ஒரு பெண்ணுக்குச் சின்னதாக ஒரு லேப்டாப் எடுத்துக் கொடுத்திருக்கிறார், எந்தக் கேள்வியும் கேட்காமல். அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஆர்கிடெக்சர் சீட் கிடைத்தது. கட்டடம் வரைகிற சாப்ட்வேர் அந்த லேப்டாப்பில் ஓடாது. மெலிசான மாடல் என்பதால் ராம் என்கிற மெமரியை போர்டிலேயே ஒட்டி அனுப்பியிருந்தார்கள், பிறகு கூட்டவும் வழியில்லை. வாங்கியாயிற்றே, இதில் எது ஓடுமோ அதைப் படி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"ஆறு மாசம் கழிச்சு மவுஸ் வாங்க வந்துச்சு. என்னம்மா படிக்கிறன்னேன். பி.ஏ.ங்க்கா, லேப்டாப் நல்லா ஓடுதுங்க்கான்னு சொல்லிச்சு" என்றார். "எம்மேல கோவமே இல்ல தம்பி அதுக்கு. அதான் தாங்கல."

நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். அந்தச் சமயத்தில் எனக்கு என் பாடே பெரும்பாடாக இருந்தது. அப்பாவுக்கு வேலை போயிருந்தது, தங்கை பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். இதையெல்லாம் அந்த பஸ்ஸில்தான் அக்காவிடம் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

எங்கள் தொழிலில் ஆனி மாதக் கடைசி நாள் ஒரு பெரிய கலவரம். மறுநாள் ஆடி பிறந்துவிடும். படிப்புக்கென்று வாங்குகிற முதல் பொருளை ஆடியில் வாங்கக்கூடாது என்பார்கள். கலந்தாய்வு முடிவுகளோ பெரும்பாலும் ஆடி பிறந்த பிறகுதான் வரும். ஆகவே பிள்ளை என்ன படிக்கப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே அது படிக்கப்போகிற லேப்டாப்பை வாங்கிவிடுவார்கள். நாங்களும் சந்தோஷமாக விற்போம். நான் சொல்லப்போகிற வருஷம் அன்றைக்கு நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. அந்த ஒரு மணி நேரத்தில் கால் வைக்க இடமில்லை.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் தா.பழூரிலிருந்து அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் வந்தார்கள். அப்பா நெல் விவசாயம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மடித்த காலண்டர் தாள். அம்மாவின் கையில் மஞ்சள் பை, அதற்குள் சந்தனமும் குங்குமமும். மகள் எந்த லேப்டாப்பையும் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தில் இருந்த மாடிக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தன் கேள்விகளை ஆரம்பித்தார். அந்தப் பெண் ஆர்கிடெக்சருக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள், லிஸ்ட் மூன்று நாளில் வரும். கிடைக்காவிட்டால் ஜெயங்கொண்டத்தில் பி.காம், அதற்கு அட்மிஷன் போட்டு வைத்தாயிற்று. அப்பா அதற்குள் மெலிசாக, சாம்பல் நிறத்தில் இருந்த ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டார்.

"இது போதும்மா. பொம்பளப்புள்ள தூக்கிட்டுப் போவ லேசா இருக்கு. பில்லைப் போடச் சொல்லு. நேரம் போவுது."

"ஐயா, பி.காமுன்னா இது தாராளம். ஆர்கிடெக்சர் கெடைச்சா இதுல படம் தொறக்காதுங்க. தனியா கிராபிக்ஸ் கார்டு வேணும், ராம் இதுல இருக்கிறதப் போல ரெண்டு மடங்கு வேணும். மூணே மூணு நாளு. லிஸ்ட்டப் பாத்துட்டு வாங்கலாமே?"

"நாளைக்கு ஆடி பொறக்குதும்மா."

"அப்ப பெருசா இருக்கிறத எடுத்துக்கறீங்களா? ரெண்டுக்கும் ஆவும்."

"பி.காமுக்கு எதுக்கு அம்மாம் பெருசு? மாட்டுக்கா பூட்டப்போறேன்?" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் தெரிஞ்சுதாம்மா சொல்றேன். இத வாங்கிட்டா, இதுல எது படிக்க முடியுதோ அதப் படிக்கட்டும். அம்மாந்தூரம் ஆஸ்டல்ல விட்டுட்டு நாங்க எப்படி இருக்கிறது?"

மகள் சுவர்ப்படத்திலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தாள். அம்மா மஞ்சள் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

அக்காவின் முகம் எனக்கு நேராக இருந்தது. அரியலூர்க் கடைப் பெண்ணைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். "வேண்டாம், போயிட்டு அப்புறம் வாங்க" என்று சொன்னால் இவர்கள் வெறுங்கையோடு இறங்கிப் போவார்கள், அவருடைய வேலையும் பின்னாலேயே போகும். அதுமட்டுமில்லை, எதிர்க்கடையில் இதே சாம்பல் நிறத்தை இதே நல்ல நேரத்துக்குள் வாங்கிவிடுவார்கள். முதலாளி தூரத்தில் வேறொரு குடும்பத்துடன் பேசிக்கொண்டே இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மணி பதினொன்று முப்பத்தைந்து.

"சரிங்கய்யா, இதையே போடுறேன்" என்றார் அக்கா. "ஒண்ணு மட்டும் கேளுங்க. நல்ல நேரத்துல பொருளு வூட்டுக்குள்ள போயிட்டா போதும்தானே? பெட்டிக்கு மேலயே பொட்டு வைங்க, சாமி முன்னால வைங்க. லிஸ்ட் வர்ற வரைக்கும் பெட்டி சீல் மட்டும் பிரிக்காதீங்க. பிரிக்காம கொண்டாந்தா வேற மாடலு மாத்தித் தரேன். ஆடியில வாங்குனதா ஆவாது. மாத்துறது வாங்குறதில்லைங்க."

அவர் யோசித்தார். "நெசமா மாத்திக் குடுப்பீங்களா?"

"எழுதியே தரேன்."

எங்கள் கடையில் விற்ற பொருளை மாற்றுகிற வழக்கமே கிடையாது. பில்லின் அடியிலேயே அச்சடித்திருக்கும். அக்கா அந்த அச்சு வரிக்கு மேலே பேனாவால், 'சீல் பிரிக்காமல் கொண்டுவந்தால் வேறு மாடலுக்கு மாற்றித் தரப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பில்லை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, கடை ஸ்டாம்ப் போடு."

ஸ்டாம்ப் என் டிராயரில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். நான் முதலாளியைப் பார்த்தேன், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அக்கா" என்று இழுத்தேன். "போடு தம்பி, நேரமாச்சு" என்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நெருக்கினார்கள். நான் டிராயரைத் திறந்து எடுத்துக் குத்தினேன். எதிரே அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன படிக்கப்போகிறாள் என்பது அந்த மை வட்டத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அக்கா கேட்டது, "பிரிச்சிருப்பாங்களா தம்பி?" அதற்கு மறுநாளும் அதே கேள்விதான். வீட்டில் புதுப் பொருளை வைத்துக்கொண்டு மூன்று நாள் திறக்காமல் யார் இருப்பார்கள்? "பிரிச்சிருக்க மாட்டாங்கக்கா" என்று சொன்னேன். ஆனால் மனதுக்குள், பிரித்திருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். பிரித்துவிட்டால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. யாரும் பில்லைக் கொண்டு வர மாட்டார்கள், ஸ்டாம்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பெண்ணின் படிப்பு போனால் போகட்டும், எனக்கு வேலை நிலைத்தால் சரி என்று நான் நினைத்தேன். இதைச் சொல்ல இப்போதும் கேவலமாகத்தான் இருக்கிறது.

லிஸ்ட் வந்த மறுநாள் காலை. ஆடி என்பதால் கடை காலி. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெரியவரும் அவர் பேரனும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான். அப்போது தா.பழூர் அம்மாவும் மகளும் படியேறினார்கள். துண்டில் கட்டிய பெட்டி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அப்பா வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. ஆடியில் கடைப்படி மிதிக்க மாட்டேன் என்று எதிர் டீக்கடையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டை அவிழ்த்தார்கள். பெட்டியின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். அக்கா ஓடிவந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் அப்படியே இருந்தது.

"திருச்சிப் பக்கம் கெடைச்சிருக்குங்க, ஆர்கிடெக்சரு" என்றாள் மகள். 

"இவங்கப்பா ரெண்டு தடவ கத்திரிக்கோலோட வந்துட்டாருங்க" என்றார் அம்மா. "நான்தான் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருவிக்கிட்டேன்."

முதலாளி எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். "இதெல்லாம் மாத்தறதில்லம்மா. பொட்டு வச்ச பெட்டிய நான் யாருக்கு விப்பேன்?" என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா பில்லைப் பிரித்து மேஜைமேல் வைத்து, விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

"எழுதியிருக்குங்களே."

முதலாளி படித்தார். இன்னொரு தரம் படித்தார். தொப்பி போட்ட பெரியவர் தன் பேரனிடம் பேசுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். அதை முதலாளியும் கவனித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தாங்க சார்" என்றார் அக்கா.

"ஸ்டாம்ப் யாரு போட்டது? சாவி இவன்கிட்டல்ல இருக்கு?"

நான் டிராயரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. தங்கையின் பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அக்கா எனக்கு வேண்டிய நேரம் கொடுத்தார். என்னை ஒரு முறை பார்த்தார், காத்திருந்தார், பிறகுதான் சொன்னார்.

"தம்பி சாப்பிடப் போயிருந்துச்சுங்க. டிராயரு தொறந்து கெடந்துச்சு. நான்தான் எடுத்துக் குத்தினேன்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இல்லாத அம்சத்தை இருக்கிறது என்று சொல்லி ஒரு மவுஸ்கூட விற்காதவர் அவர். நல்ல நேரத்தில் நான் எங்கே சாப்பிடப் போனேன் என்று முதலாளி யோசித்திருந்தால் அந்தப் பொய் நின்றிருக்காது. அவர் யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை.

"மாத்திக் குடுத்துடு" என்றார் முதலாளி. பெரியவர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கோட போதும்மா. நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார்.

"சரிங்க சார். இந்தப் புள்ளைக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் காட்டிக் கொடுத்ததை நான் கல்லாவில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தரை அங்குலத் திரை வைத்த ஒன்றை எடுத்தார். ஆஸ்டலில் அறைக்கு எத்தனை பேர், பிளக் எந்தப் பக்கம், மேஜை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வகுப்புக்குத் தினமும் தூக்கிக்கொண்டு நடக்க எவ்வளவு தூரம் என்று கேட்டார். இது கொஞ்சம் கனம்தான், ஆனால் உன் படிப்புக்கு இந்தக் கனம் தேவை என்றார். திரையைத் திறந்து கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கையால் அளந்து காட்டினார். ராம் போதாவிட்டால் மூன்றாம் வருஷத்தில் இன்னொன்று போட இடமிருக்கிறது, இதோ இந்த இடத்தில் என்று பெட்டியில் இருந்த படத்தைத் தொட்டுச் சொன்னார். ஒரு வார்த்தையில்கூட அவசரம் இல்லை. அன்றைக்கு வேலை போனவர் அவர் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரை மணி நேரம் ஆயிற்று அதற்கு. அந்த அரை மணி நேரமும் முதலாளி என்னிடமிருந்து நாலடி தூரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். இரண்டு முறையும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அக்கா சாப்பாட்டுப் பையை எடுக்க உள்ளே போனார். அந்தப் பெண் கூடுதல் பணத்தோடு புதுப் பில்லுக்காக என்னிடம் வந்தாள். அவள் அம்மா பெட்டியைத் துண்டில் கட்டிக்கொண்டிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் அப்பா டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வாங்கியாச்சா என்று கையால் கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, டிராயரைத் திறந்து, ஸ்டாம்பை மையில் ஒற்றிப் பில்லில் குத்தினேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணே, அன்னிக்கும் நீங்கதானே குத்துனீங்க?" என்றாள்.

நான் பில்லை நாலாக மடித்துக் கவரில் போட்டு நீட்டினேன்.

"வாரண்டி கார்டு உள்ள இருக்கும்மா. தொலைச்சிடாத" என்றேன்.